உங்களுக்குத் தெரியுமா? மூணு நம்பர் முதல் ஆன்லைன் ரம்மி வரை

◆ கேரளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் குலுக்கலுக்காகப் புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் ஆட்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கேரள அரசு லாட்டரித் துறையைத் தொடங்கியது 1967-ல். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. டிக்கெட் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அந்த அரசு லாட்டரிக்கும் நம் ஊரில் புழங்கும் 'மூணு நம்பர்' லாட்டரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேரளக் குலுக்கலில் முதல் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்குள்ள ஆட்கள் தனியாக நடத்தும் சூதாட்டம் இது. அச்சடித்த டிக்கெட் கிடையாது. துண்டுச் சீட்டில் எண்ணைக் கிறுக்கித் தருவார்கள். இப்போது அதுவும் குறைந்து வாட்ஸ்ஆப்பில் எண்ணும் ஜிபேயில் பணமும் போகிறது. பரிசு விழுந்து, எழுதிக்கொண்ட ஆள் பணம் தராமல் போனால், எந்தக் காவல் நிலையத்திலும் போய்ச் சொல்ல முடியாது.

◆ மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒருவர் தினமும் ஒரு எண் வீதம் 365 குலுக்கலுக்குக் கட்டினாலும், அந்த ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு 69 சதவீதம். பத்துப் பேர் ஆண்டு முழுக்கக் கட்டினால் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒரு நாள்கூட விழாது. தினம் 50 ரூபாய் என்று வைத்தால் ஒருவர் கையை விட்டுப் போவது 18,250 ரூபாய்.

◆ அப்படியானால் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? டீக்கடைப் பெஞ்சில் மூன்று மணிக்கு மேல் காது கொடுத்தால் போதும். "நேத்து 438 கட்டினேன்ண்ணா, 437 வந்துச்சு. ஜஸ்ட்டுல போச்சு!" இந்த 'ஜஸ்ட்'தான் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று இலக்கத்தில் ஒன்றாவது அதே இடத்தில் பொருந்தி வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்துக்கு 271. அதாவது நான்கு நாளைக்கு ஒரு நாள் 'கிட்டத்தில் வந்துவிட்டோம்' என்ற நினைப்பு தானாகவே வரும். அது கிட்டத்திலும் இல்லை. 437-க்கு 438 எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் 902-ம். 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூதாட்ட விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நூலிழையில் தவறிய தோல்வியின்போது, ஜெயிக்கும்போது கிளர்ச்சியடையும் பகுதிகளே கிளர்ச்சியடைந்தன. தோற்ற மனிதருக்கு இன்னொரு முறை கட்ட வேண்டும் என்ற வேகம் அங்கிருந்து பிறக்கிறது. புத்தி இல்லாதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

◆ வில்லியனூர் வழியாகப் போகும் ரயில் விழுப்புரத்தில் போய்ச் சேருகிறது. அந்த விழுப்புரத்தில் 2019 டிசம்பரில், மூணு நம்பர் லாட்டரியில் கடனாளியான நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே, மூன்று சிறு பெண் குழந்தைகள் உட்பட, ஒரே இரவில் இறந்தது. லாட்டரியை ஒழித்துவிட வேண்டும் என்று அவர் கடைசியாகப் பதிவு செய்த வீடியோவில் கேட்டிருந்தார். அதன் பிறகு சுற்று வட்டாரம் முழுக்கப் போலீஸ் லாட்டரி ஆட்களைத் தேடிப் பிடித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர்.

◆ தமிழ்நாடு அரசே லாட்டரி விற்ற காலம் உண்டு. அண்ணா முதல்வராக இருந்த 1968-ல் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் இன்றும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இடையில் நின்று, மறுபடி வந்து, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தமிழ்நாட்டில் தடை வந்தது. தடைக்கு முன்பு பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் ஒலிபெருக்கி வைத்து விற்றார்கள். தடைக்குப் பின்பு சத்தம் போய்விட்டது, ஆசை போகவில்லை.

◆ புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அல்ல. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாகூரில் ஒரு தெருவைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொரு வயலைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி என்ற நிலை பல இடத்தில் உண்டு. இந்தப் பக்கம் சோதனை என்றால் சீட்டு எழுதுகிறவர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். புதுச்சேரியில் சூதாட்டத்துக்கு எதிராக 1965-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, கும்பலாகச் சேர்ந்து அனுமதியில்லாத பந்தயமோ சூதாட்டமோ நடத்தினால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் செய்தித்தாளில் வரும் கைதுகளைப் பாருங்கள்: பெரும்பாலும் பெட்டிக்கடை வாசலில் நூறு, இருநூறு ரூபாயும் துண்டுச் சீட்டும் வைத்திருந்த ஆள்தான் சிக்குகிறார். பணம் கடைசியில் போய்ச் சேரும் கை அபூர்வமாகவே வெளியே தெரிகிறது.

◆ கொரோனா ஊரடங்கு மாதங்களில் வேலையில்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் ரம்மி ஆப் வந்து சேர்ந்தது. 2020 அக்டோபரில் வில்லியனூர் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சிறு வணிகர், ஆன்லைன் ரம்மியில் பல லட்சம் ரூபாயை இழந்த பிறகு உயிரை விட்டார். மனைவிக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அப்போதைய முதல்வர் நாராயணசாமி, ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும்படி மத்திய அரசை வலியுறுத்தினார். ஒரு கிராமத்து வீட்டின் துக்கம் தில்லிவரை போன சந்தர்ப்பம் அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துகொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

◆ ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு பட்ட பாடு பெரிது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அதில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இருந்தார். 2022 அக்டோபரில் புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றை அடியோடு தடை செய்ய முடியாது என்றது உயர்நீதிமன்றம். பிறகு 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்ற விதி வந்தது. ஜூனில் உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வீடு தூங்கும் அந்த ஐந்து மணி நேரத்தைச் சட்டம் குறிவைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

இத்தனையும் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டுச் சட்டம் வில்லியனூர் எல்லைக்குள் செல்லாது.

◆ நமக்கும் பொருந்தும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. அது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இல்லை. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் பார்க்கிறது. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. இதைப் படிக்கும் யாராவது 'வெளியே சொன்னால் என்னைப் பிடித்துப் போடுவார்களோ' என்று பயந்து கடனை மறைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

◆ பாரதியார் 'பாஞ்சாலி சபதம்' எழுதியது நம் புதுச்சேரியில். 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தவர், அதன் முதல் பாகத்தை 1912-ல் வெளியிட்டார். அந்தக் காவியத்தில் ஒரு சருக்கத்தின் பெயரே 'சூதாட்டச் சருக்கம்'. அதற்கு அடுத்தது 'அடிமைச் சருக்கம்'.

ஆனால் நம் கிராமங்கள் இந்தக் கதையை அச்சுப் புத்தகத்தில் தெரிந்துகொள்ளவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. தீமிதிக்கு முன்னால் வரும் கூத்துகளில் 'பகடை துகில்' கட்டாயம் இருக்கும். தென்னார்க்காடு, புதுவை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, தருமர் காயை உருட்டுவதும், சகுனி சொல்லிச் சொல்லி ஜெயிப்பதும், நாடு, தம்பிமார், தான், கடைசியில் மனைவி என்று ஒவ்வொன்றாகப் போவதும் கண்ணெதிரே நடந்த விஷயம். துகில் உரியும் கட்டத்தில் பாஞ்சாலி வேடம் கட்டியவருக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். முன் வரிசையில் உட்கார்ந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் அழுவது பாஞ்சாலிக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சபையில் அவள் கேட்கும் கேள்வியைக் கவனித்திருக்கிறீர்களா? தன்னை முதலில் தோற்றுவிட்டவருக்கு, அதன் பிறகு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை இருந்தது என்பதுதான் அது. அழுகையும் சாபமும் அப்புறம். முதலில் வந்தது நியாயத்தைக் கேட்கும் கேள்வி. பீஷ்மராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

◆ அந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. பெண்ணுக்கு அவள் பிறந்த வீடு போட்ட நகையும் கொடுத்த பொருளும் அவளுக்கே முழு உரிமையான சீதனச் சொத்து. கணவனுக்கு அதில் பங்கு கிடையாது என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரலிலும் அதையே திரும்பச் சொன்னது. நெருக்கடிக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டியது கணவனின் கடமை. மனைவியின் நகையை அவள் சம்மதம் இல்லாமல் விற்பதும் அடகு வைப்பதும் 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. சட்ட உதவிக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181.

◆ வீட்டை விட்டுப் பொருள் போகும் வரிசை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. முதலில் சீட்டுப் பணம். அடுத்து மனைவியின் கம்மலும் செயினும் அடகுக் கடைக்கு. அப்புறம் வண்டியின் ஆர்.சி. புத்தகம். அதன் பிறகு பத்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் தனியாள் கடன். அதை அடைக்க மனைவி பெயரில் குழுக் கடன். கடைசியில் மனைப் பட்டா.

இதில் குழுக் கடன் என்னும் படியில்தான் விஷயம் ஒரு வீட்டை விட்டு ஒரு தெருவுக்குப் பரவுகிறது. குழுவில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் பணம் வராமல் எழுந்திருக்க மாட்டார். வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் நடுவே, சூதாட்டத்தைத் தொட்டே பார்க்காத ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு அக்கா தன் பால் பணத்திலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து நீட்டுவாள். அடுத்த வாரமும் அதே நடந்தால் அந்த அக்காவும் பேச்சை நிறுத்திவிடுவாள். ஆடியது ஒருவர், உறவை இழந்தவர் இன்னொருவர். அரசுக் கணக்கு எதிலும் இந்த நஷ்டம் ஏறுவதில்லை.

◆ புதுச்சேரியில் சில ஆண்டுகள் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். கிராமத்துப் பெண்கள் அரிசியாகவே கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அரிசி வந்தால் உலையில் ஏறும். பணம் வந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 2024 தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. அவர்கள் கேட்டது சரி என்பதே என் எண்ணம்.

◆ சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும் பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கம், காட்டுக்குப்பம் ஆலைகளிலும் ஒடிசா, பீகார், வங்காளத்துப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ஓர் அறையில் பலர், மாற்றி மாற்றி ஷிப்டு. ஊரில் நிலத்தை மீட்க வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்ற கணக்கோடு வந்தவர்கள். மாலையில் போக இடமில்லை, பேச ஆளில்லை. கையில் செல்போன் மட்டும் இருக்கிறது. அதில் ஹிந்தியிலும் வங்காளியிலும் பேசி அழைத்தது பந்தய ஆப்தான். மருத்துவமனையும் காவல் நிலையமும் அவர்கள் மொழியில் பேசவில்லை, சூதாட்டம் பேசியது.

நம் ஊர்க்காரர் தோற்றால் மாமனார் வீடு இருக்கிறது, பங்காளி இருக்கிறார், கோயில் பெரியதனக்காரர் கூப்பிட்டுக் கண்டிப்பார். ஒடிசாப் பையன் தோற்றால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவது ஒன்றே வழி. முன்பணம் வாங்கியவர் அது கழியும்வரை கூலியைப் பேச முடியாது, வேலையை விட்டு ஊருக்கும் போக முடியாது. 'வடக்கத்திப் பசங்க சீட்டாடுறாங்க' என்று அலுத்துக்கொள்கிறவர்கள், அந்த அறைக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

◆ சிறுபான்மையினர் அதிகமாகச் சூதாடுகிறார்கள் என்ற பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது. பிரிட்டனில் 2010-ல் நடந்த தேசிய சூதாட்டக் கணக்கெடுப்பு வேறு கதை சொன்னது. ஆசிய வம்சாவளியினர் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே ஆடுகிறார்கள். ஆனால் சூதாட்டத்தால் சீரழிந்தவர்களின் விகிதம் வெள்ளையரில் 0.8 சதவீதம், ஆசியரில் 2.8 சதவீதம். ஆடுகிறவர் குறைவு, அடி அதிகம். தனிமை, சீக்கிரம் பணம் அனுப்ப வேண்டும் என்ற அழுத்தம், சமூகத்தில் மானம் போய்விடும் என்று மறைப்பது, உதவி கேட்க மொழி இல்லாதது எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. குடியேறியவர் லண்டனில் இருந்தாலும் சேதராப்பட்டில் இருந்தாலும் இந்த நிலைமை மாறுவதில்லை.

◆ நம்மவர்களும் குடியேறிகள்தானே. சிங்கப்பூரில் இரண்டு சூதாட்ட விடுதிகள் 2010-ல் திறந்தன. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையனும் அந்த வெளிநாட்டவர் கணக்கில்தான் வருகிறான். அதே சிங்கப்பூரில் நல்ல ஏற்பாடும் உண்டு: 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று தானே எழுதிக் கொடுக்கலாம், குடும்பத்தாரும் ஒருவருக்குத் தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே தம்பியோ மகனோ இருந்தால் இந்தத் தகவலைச் சொல்லி வையுங்கள்.

◆ துபாய் விமான நிலையக் கடையின் 'மில்லேனியம் மில்லியனர்' குலுக்கல் 1999-லிருந்து நடக்கிறது. ஒரு டிக்கெட் ஆயிரம் திர்ஹாம். ஒரு சுற்றுக்கு 5,000 டிக்கெட். பரிசு பத்து லட்சம் டாலர். கூலித் தொழிலாளிகள் அறைத் தோழர்களோடு பங்கு போட்டு வாங்குகிறார்கள். ஜெயித்த இந்தியரின் சிரித்த முகம் செய்தித்தாளில் வருகிறது. மற்ற 4,999 டிக்கெட்டுக்குப் படம் கிடையாது.

◆ பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வாழும் புதுச்சேரிக் குடும்பங்களின் உறவு நம் கிராமங்களிலும் இருக்கிறது. அங்கே மூலைக்கு மூலை இருக்கும் காபிக் கடைகள் பலவற்றில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டலாம். சூதாட்ட விடுதியிலிருந்தும் ஆன்லைன் பந்தயத்திலிருந்தும் விலக நினைப்பவர் அரசின் சூதாட்ட ஆணையத்தில் பதிந்தால் குறைந்தது மூன்றாண்டுகளுக்குத் தடை. நடுவில் மனம் மாறினாலும் எடுக்க மாட்டார்கள். இலவச ஆலோசனை எண் 09 74 75 13 13.

◆ சேவல் சண்டை இந்தியாவில் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொங்கல் வந்தால் நம் பக்கம் தோப்புகளில் இன்னும் ரகசியமாகக் கட்டுகிறார்கள். சேவலைவிடப் பணம்தான் அங்கே அதிகம் சண்டையிடுகிறது. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தோட்ட வேலைக்குப் போன தமிழரின் வம்சாவளியினர் வாழும் பிரான்ஸின் பகுதியான ரீயூனியன் தீவில், பழைய வழக்கம் என்ற பெயரில் சேவல் சண்டை சட்டப்படி நடக்கிறது. ஆனால் புதிய களம் திறக்கக் கூடாது என்ற தடையைப் பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம் 2015-ல் உறுதி செய்தது.

◆ திருக்குறளில் 93-வது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94-வது அதிகாரம் சூது. குர்ஆனும் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்குகிறது. வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தெருவிலிருந்து சுல்தான்பேட்டைப் பள்ளிவாசல் வரை நடந்தால், இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்ன சிகாலோவாத சூத்திரம் சூதின் ஆறு கேடுகளை எண்ணுகிறது. சபையில் அவன் சொல் எடுபடாது என்பது ஒன்று. பெண் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பது இன்னொன்று. நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போகிறவர்கள் இன்றும் கேட்பது இதைத்தானே.

◆ பந்தயத்தில் தோற்ற தொகையைக் கேட்டு ஜெயித்தவர் நீதிமன்றம் போக முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 'கேஸ் போட்டுடுவேன்' என்று மிரட்டும் ஆளிடம் இதைச் சொல்லலாம். அந்தப் பணத்துக்காக வெளியில் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் வேறு விவகாரம். அதற்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

◆ சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோய். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. குடி, போதைப் பழக்கங்கள் இருக்கும் அதே பிரிவு. அறிகுறிகள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்: போனைக் கவிழ்த்து வைப்பது, நடுராத்திரி கழிவறையில் நெடுநேரம், சம்பள நாளுக்கு மறுநாளே கைமாற்று, 'இந்த ஒரு தடவை விட்டதைப் பிடிச்சுட்டா நிறுத்திடுறேன்' என்ற பேச்சு. விட்டதைப் பிடிக்கப் போகும் அந்த ஓட்டம்தான் நோய் முற்றியதற்கு அடையாளம். அப்போது கடனை மொத்தமாக அடைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அடுத்த கடனுக்கு வழி திறக்கிறது. சிகிச்சை ஒரு பக்கம், வங்கி அட்டையும் யுபிஐயும் வேறு ஒருவர் கையில் சில காலம் இருப்பது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

◆ புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பேருந்தில் போகும் தூரம்தான். போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு, 20 மொழிகளில் பேசுகிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவர்கள் உடனே இந்த எண்ணையோ, சென்னை சினேகாவின் 044-24640050 எண்ணையோ கூப்பிடுங்கள். ஆன்லைனில் பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930.

அந்த 20 மொழிகளில் ஒடியாவும் வங்காளியும் ஹிந்தியும் உண்டு. சேதராப்பட்டிலோ கிருமாம்பாக்கத்திலோ ஆலை வைத்திருப்பவர்களும், தொழிலாளிகளுக்கு அறை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் 14416 என்பதை அவர்கள் எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டி வைக்கலாம். எழுதித் தர அந்த அறையிலேயே ஆள் இருப்பார்.